எறா ஃபர்சி யாருடைய சமையல்?

புதுச்சேரியின் பழைய வீட்டுச் சமையலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் உடனே, "அதெல்லாம் பிரெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுத்தது" என்று முடித்துவிடுகிறார். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களின் மெனு அட்டையிலும் அதே கதைதான். பெரிய எறாவைக் கீறி, பூரணம் வைத்து, மேலே ரொட்டித்தூள் தூவி ஓவனில் சுட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். 'கிரெவெத் ஃபர்சி' என்று பேர். பக்கத்திலேயே பிரெஞ்சுக் காலத்துப் பாரம்பரியம் என்று ஒரு வரி. விலையைப் பார்த்தால் பாரம்பரியத்துக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள் என்று தெரியும்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பாதிக்குமேல் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதிக் கொடுப்பதிலேயே போயிற்று. ஆகையால் பிரெஞ்சுக்காரன் எதைக் கொடுத்தான், எதைக் கொடுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இந்த எறா விஷயத்தில் நான் கண்ணால் பார்த்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர். 'ஃபர்சி' என்றால் அடைத்தது, திணித்தது என்று பொருள். கத்தரிக்காயைப் பிளந்து மசாலா அடைக்கிறோமே, அதேதான். லத்தீனில் திணிப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. பிரான்சில் இது ஒன்றும் பிரபு வீட்டுச் சமையல் இல்லை. தக்காளி, முட்டைக்கோஸ், சுரைக்காய் இனத்துக் காய்கள் என்று எதற்குள்ளும் நேற்று மிஞ்சிய இறைச்சியையும், காய்ந்து போன ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்ததையும் அடைத்துச் சுடுவார்கள். சிக்கனக் குடும்பத்து வேலை. மேலே முறுகலாக வருகிறதே, அதற்கு 'கிராத்தேன்' என்று பேர். சுரண்டுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆதியில் பாத்திரத்தில் ஒட்டிச் சுரண்டி எடுக்கிற பகுதிக்குத்தான் அந்தப் பேர். நம்மூரில் காந்தல் என்போம். காந்தலுக்குச் சண்டை போடாத பிள்ளைகள் எந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது.

அடைத்துச் சுடுகிற பழக்கம் பிரெஞ்சுக் கொடி போன இடமெல்லாம் போயிற்று. போன இடத்தில் கிடைத்ததை அடைத்துக்கொண்டது. மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் நண்டு ஓட்டுக்குள் நண்டுச் சதையும் ரொட்டியும் மிளகாயும் எலுமிச்சையும் அடைப்பார்கள். 1853 முதல் நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தமிழர்கள் கரும்பு வெட்டிய தீவுகள் அவை. அவர்கள் கொண்டுபோன மசாலாப் பொடிக்கு அங்கே இன்றும் 'கொலொம்போ' என்று பேர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கிற என் அக்காள் பேத்தி, அங்கேயும் எறாவைப் பிளந்து, வெண்ணெயில் பிசைந்த உப்பு பிஸ்கட் தூளை வைத்துச் சுடுகிறார்கள் என்று சொன்னாள். ரிட்ஸ் என்ற பிஸ்கட்டாம். அது கடைக்கு வந்ததே 1934இல்தான். அவரவருக்குக் கையில் இருந்த மாவுப் பண்டம்.

சரி, அடைப்பது எல்லா ஊரிலும் உண்டு. சுடுவது எப்படி? அங்கேதான் நம் வீட்டு வரலாறு ஆரம்பிக்கிறது.

நம் வீடுகளில் ஓவன் ஏது? பிரான்சிலேயே சாதாரண ஜனங்களின் வீட்டில் வெகுகாலம் ஓவன் கிடையாது. பழைய நாளில் ஊருக்குப் பொதுவாக நிலப்பிரபுவின் அடுப்பு ஒன்று இருக்கும். அங்கேதான் ரொட்டி சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். புரட்சிக்குப் பிறகு 1793இல் அந்த உரிமை அடியோடு ஒழிந்தது. பிறகு ரொட்டிக்காரர் வீட்டு அடுப்புக்கு ஜனங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலை ரொட்டி எடுத்த பிறகும் அடுப்பு மணிக்கணக்கில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வேகவைத்ததற்கு இன்றும் பிரெஞ்சு மெனுவில் 'ரொட்டிக்காரி உருளைக்கிழங்கு' என்றுதான் பேர்.

நம்மூர் ரொட்டிக்கடைகளிலும் இதே கதை உண்டு. என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சவுக்குக் கட்டை போட்டு எரிக்கும் செங்கல் அடுப்பு. நெருப்பை ஒதுக்கிவிட்டு நீளத் துடுப்பால் மாவுக் கட்டிகளை உள்ளே தள்ளுவார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் கலக்கிய கேக் மாவை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துச் சுட்டு வாங்கிவர வரிசை நிற்கும். தட்டு மாறிப் போய்விடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு அடையாளம் வைப்பார்கள். எங்கள் வீட்டுத் தட்டுக்கு ஒரு சிவப்பு நாடா.

ஆனால் கேக் வருடத்துக்கு ஒரு முறை. அன்றாடச் சமையலில் மேலிருந்து சூடு கொடுப்பது என்ற வழக்கமே நம்மிடம் இல்லை. வறுக்கிறோம், பொரிக்கிறோம், ஆவியில் வேகவைக்கிறோம். எல்லாம் கீழிருந்து வருகிற சூடு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்ததும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஆனால் அங்கே சுட்ட எறா வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வேறு வழியாக வந்தது. சைகோன் வழியாக.

இளைஞர்களுக்கு இது தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. அங்கே நிர்வாகம் நடத்த எழுதப் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டும். புதுச்சேரியிலிருந்து குமாஸ்தாக்களும், போலீஸ்காரர்களும், சிறைக் காவலர்களும், சுங்க அலுவலர்களும் போனார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். அவர்களுக்கு அங்கே மதிப்பும் சம்பளமும் கொஞ்சம் கூடுதல். என் கொள்ளுத்தாத்தா அப்படித் துறந்து ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டவர். அதன் பிறகு மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்களில் ஒருவராவது சைகோனில் இருப்பார். பணம் வரும், பட்டுத் துணி வரும், கடுதாசி வரும்.

1954 மே 7ஆம் தேதி தியேன் பியேன் ஃபூ விழுந்தது. அதே வருடம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி இங்கே கொடி மாறியது. ஆக ஒரே வருடத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் தரை நகர்ந்துபோயிற்று. அடுத்த வருடம் என் சித்தப்பா சுங்க இலாகா வேலையை விட்டுத் திரும்பினார். கூடவே அவர் மனைவி. வியட்நாம் பெண்.

சித்திக்குத் தமிழ் வராது. பிரெஞ்சு வரும், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவர். எங்கள் வீட்டுப் பெண்களுக்கோ, ஆயாவுக்கும் அம்மாவுக்கும், 'போன்ழூர்' தாண்டி பிரெஞ்சு வராது. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள், பள்ளிக்கூடம் போய்வருகிற நான் மட்டும்தான். ஏழெட்டு வயதில் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் பார்த்தேன். பிற்காலத்தில் அரசாங்கச் சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு அதுதான் ஆரம்பப் பயிற்சி.

ஆயா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சைகோன்காரி" என்றே சொல்வார். சித்தி தன் பெட்டியிலிருந்து மீன் சாறு பாட்டிலைத் திறந்த அன்று ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். வாரத்துக்கு மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு வைக்கிற ஆயா! உப்பில் ஊறிய மீன்தான் அதுவும், இதுவும். இரண்டு வருடம் சித்திக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி.

அந்தச் சுவரில் ஒரு ஓட்டை போட்டது எறா.

எங்களுக்கு எறா கொண்டுவருவது வீராம்பட்டினத்து மீன்காரம்மா. ஒரு நாள் கூடையில் பெரிய வரி எறா. கிலோவுக்கு இருபதுக்கு மேல் நிற்காத அளவு. சித்தி வாங்கினார். தலையைத் தனியே எடுத்து வைத்தார். ஓட்டை உரித்து வால் ஓட்டை மட்டும் விட்டார். முதுகில் ஆழக் கீறி, குடலை எடுத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்தார். கத்தி அடிவரை போய்விடக் கூடாது, ஒரு நூல் சதை இருக்க வேண்டும். பிறகு சின்ன எறாவும் நண்டுச் சதையும் கொத்தி, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து, தலைகளை வெண்ணெயில் நசுக்கி வதக்கியதில் வருகிற சிவப்பு நெய்யில் புரட்டினார். அதில் மிளகு, அந்த மீன் சாறு இரண்டு சொட்டு, முட்டை மஞ்சள்கரு. கடைசியாகக் கண்ணாடி நூல் போன்ற ஒரு சேமியாவை ஊறவைத்து வெட்டிப் போட்டார். பாசிப்பயறு மாவில் செய்வது. மரத்தில் வளரும் ஒரு கறுப்புக் காளானும் போட்டார். ஊறினால் காது மடல்போல விரியும். அதைப் பார்த்த ஆயா, "இன்னாடா இது, எலிக் காதா?" என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சித்தி அதை 'ஃபர்சி' என்றுதான் சொன்னார். சைகோனில் நண்டு ஓட்டில் இதே பூரணத்தை அடைப்பார்கள், அதற்கும் அதே பேர். பேர் மட்டும்தான் பிரெஞ்சு, பூரணம் அவர்கள் ஊருடையது.

அடைத்தாயிற்று, சுட வேண்டும். ரொட்டிக்கடைக்கு அனுப்ப ஆயா ஒப்பவில்லை. சித்தி என்னிடம் பிரெஞ்சில், மேலிருந்து சூடு வர வேண்டும், திருப்பிப் போட்டால் பூரணம் கொட்டிவிடும் என்றார். நான் ஆயாவிடம் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாய் வீட்டுக் கல்யாணத்துல பிரியாணிச் சட்டிக்கு மேல தணல் போடுறாங்க இல்ல, அப்படிப் போடச் சொல்லு" என்றார். அவரே எழுந்து போய்க் கொட்டாங்கச்சியைக் கொளுத்தினார். அகலச் சட்டியில் எறாக்களை அடுக்கி, பித்தளைத் தாம்பாளத்தால் மூடி, அதன்மேல் கொட்டாங்கச்சித் தணல். கீழே அடுப்பில் இளஞ்சூடு. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வால் எல்லாம் சிவந்து பூரணத்தின்மேல் வளைந்து நின்றது.

பின்னால் படித்தபோது தெரிந்தது, இதே வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்களிடமும் ஒரு பாத்திரம் இருந்திருக்கிறது. மூடியின்மேல் தணல் போடுகிற மாதிரிச் செய்தது. 'நாட்டுப்புற ஓவன்' என்று பேர். ஆயா அதைக் கண்டதில்லை.

அன்று ஆயா ஒரு எறாவைத் தின்றார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "பூண்டு கொஞ்சம் கம்மி" என்றார். நான் மொழிபெயர்த்தேன். சித்தி சிரித்தார். அடுத்த வாரம் அடுப்பு ஒன்றாயிற்று.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையதாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடுவீடாக நடந்த வாக்குவாதங்களை இதைப் படிக்கிற பலர் கேட்டிருப்பீர்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. சித்தப்பா கொடுத்தார். 1963இல் சித்தியும் அவரும் பிரான்சுக்குப் போனார்கள். கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது சித்தி ஒரு காலி டின்னை ஆயாவுக்குக் கொடுத்தார். நார்மண்டியிலிருந்து சைகோனுக்குப் போகும் ப்ரெத்தேல் வெண்ணெயின் சிவப்பு டின். ஆயா கடைசிவரை அதில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. கண்ணாடிச் சேமியா தீர்ந்தது. சைகோனிலிருந்து வர வழி இல்லை. அம்மா நம்மூர் கோதுமைச் சேமியாவைப் போட்டுப் பார்த்தார், கூழாகிவிட்டது. அதனால் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சேர்த்தார். கறுப்புக் காளான் தீர்ந்தது. அதை விட்டுவிட்டார். மீன் சாறு தீர்ந்தது. உப்பும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் போட்டார். பிறகு வீட்டுக்கு மின்சார ஓவன் வந்தது, தணல் போயிற்று. ஆரோவில்லில் பாலாடைக்கட்டி செய்ய ஆரம்பித்த பிறகு ஊரில் பல வீடுகளில் அதையும் மேலே துருவினார்கள்.

ரொட்டி, பால், வெண்ணெய், ஜாதிக்காய், பாலாடைக்கட்டி. இப்போது பாருங்கள், அசல் பிரெஞ்சுப் பண்டம்! புதுச்சேரி சட்டப்படி இன்னும் பிரெஞ்சுக்காரருடையதாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அது சைகோன் சமையலாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகுதான் அது பிரெஞ்சுச் சமையலாயிற்று. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் சொல்தா வீடுகளிலும் சைகோன் போய்வந்தவர்கள் வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். வியட்நாம் ரோலை இன்றும் 'சாயோ' என்று சொல்லிப் பொரிக்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை!

பதிவேடுகளில் இதற்குச் சாட்சி தேடினால் கிடைக்காது. பிரெஞ்சுப் பதிவுகளில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் தொழில் என்ன என்று எழுதுவார்கள். குமாஸ்தா, சிப்பாய், ரொட்டிக்காரர், சமையற்காரர் என்று ஆண்களுக்கு எழுதியிருக்கும். பெண்களுக்கு வரிசையாக 'சான் ப்ரொஃபெசியோன்'. தொழில் இல்லை என்று அர்த்தம். எத்தனை ஆயிரம் முறை அதை நகல் எடுத்திருப்பேனோ, கணக்கில்லை. ஒரு நாள் ஆயாவின் கல்யாணப் பதிவு என் மேஜைக்கே வந்தது. அதிலும் அதேதான். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி இரவு பத்து மணிக்கு அணைத்தவர். நகலில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதிக் கையெழுத்து வாங்கக் கொடுத்தேன்.

ஓட்டல்காரர்களைக் குறை சொல்லவில்லை. மெனு அட்டையில் இடம் கம்மி. ஆனால் 'பிரெஞ்சுப் பாரம்பரியம்' என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே இரண்டு பெண்கள் காணாமல் போகிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

இப்போது எங்கள் வீட்டில் மருமகள் செய்கிறாள். அவளிடம் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். பூரணத்தை முன்பே முழுக்க வேகவைத்து ஆறவிட வேண்டும். எறா சில நிமிடங்களில் வெந்துவிடும். பச்சைப் பூரணம் வேகும்வரை வைத்திருந்தால் எறா ரப்பராகிவிடும். ஓவன் 200 டிகிரியில் நன்றாகச் சூடேறிய பிறகு தட்டை உள்ளே வைத்துப் பன்னிரண்டு நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. இன்னொன்று, ரொட்டியைப் பாதியாகக் குறைத்து அந்தக் கண்ணாடிச் சேமியாவை மறுபடியும் சேர்க்கச் சொன்னேன். இப்போது நம் ஊர்ப் பெரிய கடைகளில் கிடைக்கிறது. காளானும் காய்ந்த நிலையில் பாக்கெட்டில் வருகிறது. பூண்டு ஆயா சொன்ன அளவுக்கு.

சேமியா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், பாசிப்பயறு மாவு என்று போட்டிருக்க வேண்டும். அரிசிச் சேமியாவும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். அது பூரணத்தில் கரைந்துபோகும். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறினால் போதும்.